நாலாவது டம்மி ஏன் கழன்றது

மில்லிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. மாலை போட்டு, கம்பளிச் சால்வை ஒன்றைப் போர்த்தி அனுப்பினார்கள். ராஜபாளையம் வெயிலில் அதை எப்போது போர்த்துவது என்று யாரும் சொல்லவில்லை. பீரோவில் இருக்கிறது.

போன வாரம் வண்டி ஷெட்டிலிருந்து செல்வம் போன் செய்தான். எனக்குப் பிறகு தலைமை மெக்கானிக் அவன்தான். நாற்பதை நெருங்கும் ஆள். என்னைவிடப் பேச்சு குறைவு, ஆகையால் வேலை சுத்தம்.

“அண்ணாச்சி, ஏழாம் நம்பர் பஸ்ல டம்மி கழண்டு விழுந்துட்டு. புதுசு அடிச்சேன். நாலே நாள்ல அதுவும் போயிட்டு. என்ன செய்ய?”

“ரெண்டாவது தடவை கழண்டுட்டா டம்மிய பாக்காதலே. டம்மிக்குப் பின்னால என்ன நடக்குன்னு பாரு.”

“அதத்தான் எழுதிக் குடுங்கன்னு ஷெட்டுல எல்லாரும் கேக்கோம். நீங்க வாயால சொன்னா பாதி சிரிப்பாணியில போயிருது, மீதி டீ குடிக்கையில மறந்துருது.”

நான் எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்து எழுதுங்க” என்றாள் மனைவி. போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன்.

டம்மி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினின் உடம்புக்கு பிளாக் என்று பெயர். இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி அதை வார்ப்பார்கள். வார்த்த பிறகு உள்ளே இருக்கும் மண்ணைத் தட்டி எடுப்பதற்காகப் பக்கவாட்டில் வட்ட ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகளை, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற சின்னக் கிண்ணம் போன்ற தகட்டு மூடியால் அடைப்பார்கள். அதுதான் டம்மி. அதற்குத் திருகு கிடையாது, போல்ட் கிடையாது. அடித்து ஏற்றிய இறுக்கம் ஒன்றுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் உள்பக்கம் இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடும். மூடி கழன்றால் தண்ணீர் ரோட்டுக்கு வரும், வண்டி அங்கேயே நிற்கும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் இறுகிப் போகும்.

குளிர் நாட்டுக்காரர்கள் இதற்கு வைத்த பெயரில் உறைபனி வருகிறது. தண்ணீர் உறைந்து விரிந்தால், இந்த மூடி தெறித்து பிளாக்கை வெடிக்க விடாமல் காப்பாற்றும் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் பதினைந்து வருஷம் இதை ஷெட்டில் உபதேசம் பண்ணினேன். சித்திரையில் தார் உருகிச் செருப்பைப் பிடித்துக்கொள்கிற ஊரில் நின்றுகொண்டு, தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும் என்று கையை ஆட்டி விளக்கியிருக்கிறேன். ஒருத்தரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆள் டிரைவர் சங்கரபாண்டி. அவர் கதைதான் இது. அதற்கு முன்னால் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

படிப்பு ஐ.டி.ஐ. இரண்டு வருஷம். அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாரி பட்டறையில் நாலு வருஷம் கிரீஸ் துடைத்தேன். அதன் பிறகு இந்த நூல்மில். வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிவர ஒன்பது பஸ், பஞ்சும் நூலும் ஏற்ற ஆறு லாரி. பயிற்சிக் காலம் அவ்வளவுதான். விரித்தால் எனக்கே தூக்கம் வரும்.

ஆயுதபூஜைக்கு எங்கள் ஷெட்டில் இன்ஜினைக் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்போம். மற்ற இடங்களில் ரேடியேட்டருக்குப் பொட்டு வைப்பார்கள். எனக்கு அழகுணர்ச்சி கொஞ்சம் அதிகம். பிளாக்கின் பக்கவாட்டில் டம்மிகள் ஐந்தும் வரிசையாக நெற்றி மாதிரி இருக்கின்றனவே என்று அவற்றுக்கு ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். எல்லாருக்கும் பிடித்துப் போனது. அடுத்த வருஷம் எல்லா வண்டிக்கும் வைத்தார்கள். ஒரு வருஷம் பூஜை முடிந்த மறுநாள், லாரி ஒன்றில் ஒரு டம்மிக்குக் கீழே சிவப்பாக வழிந்திருந்தது. “குங்குமம் வேர்வையில கரைஞ்சிருக்கு” என்று துடைத்தேன். மறுநாளும் துடைத்தேன். எத்தனை நாள் துடைத்தேன் என்று சொன்னால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள். கடைசியில் லாரி சங்கரன்கோவில் ரோட்டில் ஆவி விட்டபடி நின்றது. அது குங்குமம் இல்லை, துரு. டம்மி ஓரம் அரித்து, சொட்டுச் சொட்டாகக் கசிந்த தண்ணீர் துருவைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் டம்மி விஷயத்தில் ஆள் மாறிப்போனேன். எந்த வண்டி வந்தாலும் முதலில் அந்த ஐந்து வட்டங்களைச் சுற்றி விரலை ஓட்டுவேன். ஓரத்தில் காய்ந்த உப்பு மாதிரி வெள்ளைப் பூச்சு இருந்தால் கசிவு ஆரம்பம். சிவப்புக் கோடு இருந்தால் கசிவுக்கு வயசாகிவிட்டது. நடுவில் ஊசிமுனைப் புள்ளி கருத்திருந்தால் தகடு உள்ளிருந்து அரித்துவிட்டது, மறுநாள் பார்ப்போம் என்று விடக்கூடாது. ஆழ்துளைக் கிணற்றுப் போர்த் தண்ணீரை ஊற்றுகிற வண்டிக்கு இது சீக்கிரம் வரும். எங்கள் பக்கம் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு படியும். இன்ஜினும் பாத்திரம்தானே.

மாட்டுகிற முறையைச் சொல்கிறேன். இதில் நான் யாருக்கும் வழிவிட மாட்டேன். பழைய டம்மியின் ஒரு ஓரத்தில் உளியை வைத்து மெல்லத் தட்டினால், அது ஓட்டைக்குள்ளேயே குறுக்காகத் திரும்பி நிற்கும். பிளையரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நடுவில் குத்தி உள்ளே தள்ளிவிட்டால் அப்புறம் நீங்கள்தான் மீன் பிடிக்க வேண்டும். ஓட்டையின் சுவரை எமரித்தாளால் தேய்க்க வேண்டும். நகத்தால் தடவிப் பார்த்தால் நகம் எங்கும் தட்டக் கூடாது. தேய்க்கும்போது துரு உள்ளே விழாமல் இருக்க ஓட்டைக்குள் கழிவுப் பஞ்சு வைப்போம். மில் ஷெட்டில் பஞ்சுக்கா பஞ்சம்? கை துடைக்க, எண்ணெய் ஒற்ற, ஓட்டை அடைக்க எல்லாவற்றுக்கும் பஞ்சுதான். நான் அதை லட்டு மாதிரி உருட்டி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, நூலின் மிச்சத்தை வால் மாதிரி வெளியே தொங்க விடுவேன். மறந்து உள்ளே வைத்துவிடக் கூடாது என்பதற்காக வால். என் சொந்தக் கண்டுபிடிப்பு. பஞ்சை எடுத்த பிறகு ஓரத்தில் மெல்லிசாக ஒட்டுப்பசை. பிறகு டம்மியை வைத்து, கிண்ணத்தின் உள்விளிம்பில் சரியாக உட்காருகிற குழாய்த் துண்டு ஒன்றை வைத்து அடிக்க வேண்டும். பழைய பிஸ்டன் பின் ஒன்றைக் கடைசலில் கொடுத்து நானே அதைச் செய்து வைத்திருந்தேன். நடுவில் அடித்தால் கிண்ணம் குழிந்து ஓரம் சுருங்கிவிடும், இறுக்கம் போய்விடும். நேராக, சமமாக, ஓட்டையின் வாயை விட்டு ஒரு மயிரிழை உள்ளே போகிறவரை அடித்தால் போதும்.

நான் அடித்த டம்மி கழன்றதாகச் சரித்திரம் கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னால் வரை.

அந்த வருஷம்தான் பராமரிப்பு இன்ஜினியராக எஸ்தர் மேடம் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், முப்பது வயசு இருக்கும். அவர் அம்மா ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எனக்கு மேலதிகாரியாக என்னைவிடப் பதினெட்டு வயசு இளைய பெண் வந்ததில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று எல்லாரிடமும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வண்டி பழுதாகி வந்தால், முதலில் ஒரு ஸ்டூலைப் போட்டு டிரைவரை உட்காரச் சொல்வார். டீ வரும். டிரைவர் பேசி முடிக்கிற வரைக்கும் மெக்கானிக் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

“மேடம், டிரைவர்கிட்ட கேட்டா ‘நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு நின்னுட்டு’ன்னுதான் சொல்லுவான்” என்றேன்.

“திடீர்னா எப்பன்னு கேப்போம் அண்ணாச்சி. மேட்டுலயா, எறக்கத்துலயா, நின்னுக்கிட்டு இருக்கையிலயா. அவிய உக்காந்திருக்கது இன்ஜினுக்குப் பக்கத்துல. நாம இருக்கது ஷெட்டுல.”

இரண்டு மாதம் ஸ்டூல் போட்டோம். மூன்றாவது மாதம் மேடம் பயிற்சிக்காக மூன்று வாரம் கோயம்புத்தூர் போனார். நான் ஸ்டூலை எடுத்து அதன் மேல் கிரீஸ் டப்பாவை வைத்தேன்.

அந்த மூன்று வாரத்தில்தான் எல்லாம் நடந்தது.

சங்கரபாண்டி பட்டாளத்தில் டிரைவராக இருந்து வந்தவர். ஷெட்டில் எல்லாரும் ‘மிலிட்டரி’ என்போம். விடியற்காலை வ. புதுப்பட்டியில் பஸ்ஸை எடுத்து, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக நாற்பது பெண்களை முதல் ஷிப்டுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. நான் ஒருநாள் உறைபனி உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்டார்.

“ஏலே மாரியப்பா, நீ பனிய எங்க பாத்த?”

“ஐஸ் வண்டியில பாத்திருக்கேன் அண்ணே.”

“நான் மலைமேல பாத்தேன். ராத்திரி தண்ணி எறக்காம விட்ட லாரியில டம்மியும் தெறிச்சிருந்துச்சு, பிளாக்கும் வெடிச்சிருந்துச்சு. அது ஒண்ணையும் காப்பாத்தாது. மண்ணு எடுத்த ஓட்டைய மூடுத மூடி, அம்புட்டுத்தான்.”

ஷெட்டே சிரித்தது. வழக்கமாக நான் சிரிக்க வைப்பேன். அன்றைக்கு என்னை வைத்துச் சிரித்தார்கள். அது எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நான் செய்தது புரியாது.

மேடம் கோயம்புத்தூர் போன மறுநாளே மிலிட்டரியின் பஸ்ஸில் முன்னாலிருந்து நாலாவது டம்மி துருப்பிடித்துப் போய்த் தண்ணீர் விட்டது. பழசு, அதன் காலம் முடிந்தது. புதுசு மாட்டினேன். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். என் மச்சினன் பெண் பார்க்கப் போன கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டே அடித்தேன். கதையின் கடைசி வரிக்கும் கடைசி அடிக்கும் சரியாக இருந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒன்பதாம் நாள் கிருஷ்ணன்கோவிலில் அந்த டம்மி தெறித்தது. பெண்கள் இறங்கி, கல்லூரி பஸ்களுக்கு நடுவில் நின்று கைகாட்டி, கிடைத்த வண்டியில் ஏறி வந்து சேர்ந்தார்கள். ஒரு பிரிவில் பாதி மெஷின் ஓடவில்லை. மேனேஜர் என்னிடம் அறிக்கை கேட்டார். ஸ்டூலில் கிரீஸ் டப்பா இருந்ததால் டிரைவரை உட்கார வைக்க முடியவில்லை. நின்றபடியே மிலிட்டரி சொன்னார்.

“லேய், மீட்டரு முள்ளு ஏறவே இல்ல. ஆனா எடது குதிகாலுக்குப் பக்கத்துல, இன்ஜின் மூடிக்கு உள்ள, உலை கொதிக்கிற மாதிரி சத்தம் கேட்டுது. பொறவுதான் தெறிச்சுது.”

“உலை கொதிச்சா அரிசி போட வேண்டியதுதான அண்ணே” என்றேன். சிரித்தார்கள். கணக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அறிக்கையில் இப்படி எழுதினேன்: ‘டிரைவர் தண்ணீர் அளவு பார்க்காமல் ஓட்டியதால் சூடேறி டம்மி கழன்றது.’ நான் அடித்த டம்மி தானாகக் கழலாது என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

மேனேஜர் அதிகம் பேசமாட்டார். அறிக்கையைப் படித்தார், சங்கரபாண்டியைக் கூப்பிட்டார். “இன்னொரு தரம் வண்டி வழியில நின்னா நீங்க வேற வேலை பாத்துக்கிடுங்க.” அவ்வளவுதான். பட்டாளத்தில் ஒரு குறை இல்லாமல் ஓட்டிவிட்டு வந்த மனிதர், தண்ணீர் ஊற்றாமல் ஓட்டிய டிரைவர் ஆனார். பஸ்ஸில் பெண்கள் கேலி பண்ண ஆரம்பித்தார்கள். ஏறும்போதே ஒருத்தி, “அண்ணே, தண்ணி ஊத்துனீயளா? இல்ல, நாங்க கொண்டுவந்த பாட்டில்ல ஊத்தணுமா?” என்பாளாம். மற்றவர்கள் நிஜமாகவே பாட்டிலை நீட்டுவார்களாம்.

நான் மறுபடியும் ஒரு டம்மி அடித்தேன். இந்தத் தடவை கதை சொல்லவில்லை.

மேடம் திரும்பி வந்த அன்று காலையிலேயே போன். சங்கரபாண்டிதான். வன்னியம்பட்டிப் பக்கம் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்.

“இன்னும் கழரல மேடம். கழரப் போகுது. அதே சத்தம். ஓட்டுனா இன்ஜின் போயிரும். நிறுத்துனா என் வேல போயிரும். இன்ஜின் உங்களுது, அதான் நிறுத்திட்டேன்.”

மேனேஜருக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை. நின்றது நின்றதுதான் என்றார். மேடம் அவர் அறைக்குள் போய்விட்டு வந்து எங்களிடம் சொன்னார். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள காரணம் கண்டுபிடிக்கலைன்னா அண்ணன் வேலை போயிரும். ஸ்டூல் எங்க?”

கிரீஸ் டப்பாவை எடுத்துவிட்டுத் துடைத்துப் போட்டேன். மிலிட்டரி உட்கார்ந்தார். டீயைத் தொடவில்லை. மேடம் கேட்கக் கேட்க அதே உலைச் சத்தத்தைச் சொன்னார். இடது குதிகால். முள் ஏறவில்லை. மேட்டில் அதிகம். நிறுத்தினால் செத்த நேரம் கழித்து அடங்கும். மேடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, இந்தச் சத்தத்தைப் போன தடவை சொன்னாவளா?”

“சொன்னாவ.”

“அறிக்கையில இல்லையே.”

நான் ஸ்பேனர் எடுக்கப் போனேன்.

டம்மி திரும்பத் திரும்பக் கழன்றால் பார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓட்டையை அளந்தோம், வட்டம் பிசகவில்லை. டம்மியை அளந்தோம், சரியான அளவு. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தை விடவேண்டிய நேரத்தில் விடுகிறதா என்று பார்த்தோம், விடுகிறது. மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓட்டித் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வந்தால் மேலே கேஸ்கெட் போய், எரிகிற புகை தண்ணீருக்குள் புகுந்து டம்மியைத் தள்ளுகிறது என்று அர்த்தம். ஒரு குமிழி இல்லை. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, தப்பு டிரைவருடையதுதான் என்ற பக்கம் கணக்கு சாய்ந்தது. மிலிட்டரி ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மேடம் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்தார். ஓடுகிற இன்ஜினில் டம்மிகளை நோக்கி ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஒரே சூடு. நாலாவதில் எண் எகிறியது. ஐந்தாவதில் மறுபடி இறங்கியது.

“முள்ளுக்குப் போற சென்சார் எங்க இருக்கு?”

“முன்னால மேடம். தண்ணி வெளியேறுத இடத்துல.”

“அப்பம் முன்னால தண்ணி நல்லாத்தான் ஓடுது. இந்த இடத்துல மட்டும் ஓடல. நின்ன தண்ணி கொதிக்குது. ஆவி மூடியைத் தள்ளுது. அண்ணன் சொன்ன உலை இதுதான்.” பிறகு என்னைப் பார்த்து, “உள்ள என்னமோ அடைச்சிருக்கு” என்றார்.

துரு மண் கட்டியாக இருக்கும் என்றேன். ஆறிய பிறகு தண்ணீரை இறக்கிவிட்டு டம்மியைக் கழற்றினேன். மேடம் சின்னக் கண்ணாடி ஒன்றை ஓட்டைக்குள் சாய்த்துப் பிடிக்க, செல்வம் டார்ச் அடித்தான். ஓட்டைக்கு நேரே ஒன்றும் இல்லை. கொஞ்சம் பின்னால், சிலிண்டர் சுவருக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சந்தில், பழுப்பாக ஏதோ உட்கார்ந்திருந்தது. சைக்கிள் கம்பி ஒன்றை நுனியில் வளைத்து உள்ளே விட்டேன். கொக்கி மாட்டியது. இழுத்தேன்.

ஊறிப் போய், துரு ஏறி, ஒரு பஞ்சு உருண்டை வந்தது. மூன்று சுற்றுச் சுற்றிய நூல். ஒரு முடிச்சு. வால்.

செல்வம் சொன்னான், “ரெண்டு வருசத்துக்கு முன்னால வெளிப்பட்டறையில இன்ஜின் வேல பாத்தாவள்ல, அந்தப் பயலுவ விட்டதா இருக்கும்.”

நல்ல வழி. யாருக்கும் சேதம் இல்லை. டிரைவர் தப்பிப்பார், பெயர் தெரியாத ஒரு பட்டறைக்காரன் மாட்டுவான், நான் டம்மியில் மன்னனாகவே ஓய்வு பெறலாம். எனக்கு மட்டும் தெரியும்: அந்த முடிச்சைப் போடுகிற ஆள் விருதுநகர் ஜில்லாவிலேயே ஒருத்தன்தான். மச்சினன் கதையின் கடைசி வரியை நினைத்துக்கொண்டே, தொங்குகிற வாலை விரலால் உள்ளே ஒதுக்கி, அதன் மேல் டம்மியை வைத்து அடித்திருக்கிறேன். இரண்டாவது தடவை மாட்டியபோது ஓட்டையைப் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை.

“வெளிப்பட்டறையா?” என்றார் மேடம்.

ஒரு ஜோக் நாக்கு வரைக்கும் வந்தது. பஞ்சைப் பார்த்து, ‘மில் பஸ்ஸுல்லா, இன்ஜினே நூல் நூக்க ஆரம்பிச்சுட்டு’ என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள், பேச்சு மாறியிருக்கும். ஸ்டூலில் இருந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மேடம். என் முடிச்சு. நான் வச்சது.”

மேடம் பஞ்சை வாங்கி ஒரு காகிதத்தில் வைத்தார். “எங்க அம்மா தியேட்டர்ல, தையல் போடுததுக்கு முன்னால உள்ள வச்ச பஞ்ச எண்ணுவாவ. எண்ணிக்க சரியா இல்லைன்னா டாக்டர் ஊசியத் தொட முடியாது” என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. “அறிக்கைய நீங்கதான எழுதுனீய? மேனேஜர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. அஞ்சு மணிக்குள்ள.”

ஐந்து மணிக்கு மேனேஜர் வேறு டிரைவரைப் பார்த்துவிடுவார் என்பதால் நாலு மணிக்கே போனேன். இரண்டே வரி எழுதினேன். பழுது டிரைவரால் ஏற்பட்டதல்ல. நான் உள்ளே விட்ட பஞ்சால் ஏற்பட்டது. மேனேஜர் படித்துவிட்டு, காகிதத்தில் இருந்த பஞ்சையும் என்னையும் பார்த்தார்.

“இது நம்ம மில்லு பஞ்சா?”

“ஆமா சார். முதல் தரம்.”

சிரிக்கவில்லை. நாலு மாதம் என்னைத் தலைமை மெக்கானிக் இடத்திலிருந்து இறக்கி டயர் பிரிவில் போட்டார். சங்கரபாண்டி மறுநாளிலிருந்து பழையபடி வண்டி எடுக்கலாம் என்றார்.

வெளியே வந்து மிலிட்டரியிடம் சொன்னேன். மன்னிப்பு என்கிற வார்த்தையை எப்படிச் சொல்வது என்று எனக்குப் பழக்கமில்லை. “அண்ணே, சரியாப் போச்சு. நாளைக்கு வண்டி எடுங்க” என்றேன்.

“எடுக்க மாட்டேன்.”

“என்னண்ணே?”

“மேனேஜருக்குத் தெரிஞ்சா போதுமாலே? நாப்பது பொம்பளைய தெனம் பாட்டில நீட்டுதாளுவ. அவளுவ கிட்ட யாரு சொல்லுவா? நீ சொல்லு. காலையில புதுப்பட்டிக்கு வா. வந்தா எடுக்கேன்.”

போனேன். செல்வம் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். பெண்கள் ஏறி உட்கார்ந்ததும், டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியை ஒட்டி, அவர்களைப் பார்த்து நின்றேன். கூட்டம் கூடினால் எனக்குக் கதை தானாக வரும். அன்றைக்கு வரவில்லை. மிலிட்டரி ஸ்டியரிங்கில் கை வைத்து நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை.

“அம்மா, நான் மெக்கானிக் மாரியப்பன். ரெண்டு தடவ வண்டி நின்னதுக்கு டிரைவர் காரணம் இல்ல. அவிய தண்ணி ஊத்தித்தான் ஓட்டுனாவ. நான் இன்ஜினுக்குள்ள பஞ்ச வச்சு மறந்துட்டேன். அவிய மேல பழியப் போட்டு நாந்தான் எழுதிக் குடுத்தேன்.”

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்:

“ஏட்டி பாக்கியம், நாம பஞ்சு திருடுதோம்னு மில்லு கேட்டுல சோதன போடுதாவ. இந்தாளு இன்ஜின்லயே ஒளிச்சு வச்சுக் கடத்தியிருக்காரு!”

பஸ்ஸே குலுங்கியது. முப்பது வருஷ வேலையில் நான் கேட்ட மிகப் பெரிய சிரிப்பு அதுதான். அது நான் சொன்ன ஜோக் இல்லை. முன் சீட்டில் இருந்த பாக்கியம் என்கிற பெண் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். தினமும் கேலியை ஆரம்பித்தது அவர்தான் என்று அப்புறம் தெரிந்தது.

“டிரைவர் அண்ணே, தப்பாப் பேசிட்டோம், மனசுல வச்சுக்கிடாதீய” என்றார். பிறகு என்னிடம், “இனி வண்டி நிக்காதுல்ல?” என்றார்.

‘நான் அடிச்ச டம்மி கழராதும்மா’ என்று சொல்லத்தான் வாய் பழகியிருந்தது.

“உள்ள இருந்த பஞ்ச எடுத்தாச்சு. திரும்பவும் சத்தம் வந்தா அண்ணன் சொல்லுவாவ. சொன்ன ஒடனே பாப்போம்.”

மிலிட்டரி வண்டியை எடுத்தார். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன். கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்கள் வரிசையாகத் திரும்புவதற்காக வண்டியை நிறுத்தியபோது, முன்னால் பார்த்தபடியே இடது கையால் இன்ஜின் மூடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

“எம்புட்டு நேரம் நிப்ப? இதுல உக்காரு. நாலாவது டம்மிக்கு நேரா உக்காரு. சுட்டா சொல்லு, நிறுத்துதேன்.”

உட்கார்ந்தேன். ராஜபாளையம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.